டைவ் வாட்ச் பெசல் இன்சர்ட்: வீட்டில் மாற்ற எந்த வழி நல்லது?

நீருக்குள் மூழ்குபவர்களுக்கென்று செய்த டைவ் வாட்ச் ஒன்றைத் தினமும் கட்டிக்கொண்டு சில வருடம் போனால், முதலில் வயது தெரிவது பெசலில்தான். உள்ளே மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், கண்ணாடியும் தெளிவாகவே இருக்கும். சுற்றியுள்ள கறுப்பு வளையம் மட்டும் வெளுத்து, இடிபட்ட இடமெல்லாம் வெள்ளியாகத் தெரிந்து, பூஜ்ஜியக் குறியில் இருந்த ஒளிரும் புள்ளி உதிர்ந்து வெறும் குழியாக நிற்கும். விரலால் பிடித்துத் திருப்புகிற, ஓரத்தில் பற்கள் உள்ள உலோக வளையம்தான் பெசல்; மூழ்கும்போது பூஜ்ஜியக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால் கழிந்த நேரத்தை அதில் படிக்கலாம். பெசலின் மேல் பதித்திருக்கும், நிமிடக் குறிகள் உள்ள மெல்லிய வளையம் இன்சர்ட். கெட்டுப்போவது பெரும்பாலும் இன்சர்ட் மட்டுமே. அதை மாற்ற வாட்ச்சின் பின்மூடியைத் திறக்க வேண்டியதில்லை, மெஷினைத் தொட வேண்டியதில்லை. வீட்டில் கற்றுக்கொள்ளக் கூடிய வாட்ச் வேலைகளில் இது நல்ல தொடக்கம் என்று நான் சொல்வது அதனால்தான்.

மாற்றலாம் என்று முடிவெடுத்தவர்கள் உடனே நிறத்திலும் பொருளிலும் போய் நின்றுவிடுகிறார்கள். அலுமினியமா, செராமிக்கா? கறுப்பா, நீலமா? என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. பெசல் எப்படிப் பிடித்திருக்கிறது, அளவு என்ன என்ற இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டும். எதால் ஒட்டுவது என்ற கேள்வி கடைசியில் வந்தாலும், வேலை நன்றாக அமைவதும் கெடுவதும் அதில்தான். எல்லா வழிகளையும் நான் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்: செய்ததைச் சேதமில்லாமல் பிரித்து மறுபடி செய்ய முடியுமா? முடியும் என்றால் அது நல்ல வழி.

பெசல் எப்படிப் பிடித்திருக்கிறது?

பெரும்பாலான டைவ் வாட்ச்களில் பெசல், வாட்ச்சின் உலோக உடலான கேஸின் மேல் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே கேஸ்கெட் எனும் ரப்பர் வளையமோ மெல்லிய கம்பி வளையமோ அதைப் பிடித்து வைத்திருக்கும். 1996 முதல் 2019 வரை வந்த சீகோ எஸ்கேஎக்ஸ்007 இந்த வகை. இதில் பெசலுக்கும் கேஸுக்கும் நடுவே மெல்லிய கத்தியை நுழைத்து நெம்பினால் பெசல் மேலே வந்துவிடும். இன்னொரு வகையில் பெசலைத் திருகுகள் பிடித்திருக்கும். ஜெர்மனியின் சின் நிறுவனத்தின் யு1 அப்படிப்பட்டது. அதை நெம்பினால் பெசலோ கேஸோ நெளியும், வேறு எதுவும் நடக்காது. பக்கவாட்டில் நுண்ணிய திருகுகள் தெரிகின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்த பிறகே கத்தியை எடுங்கள்.

இன்சர்ட் பெசலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது தனிக் கதை. இன்றைய வாட்ச்களில் பெரும்பாலும் இருபக்க டேப்போ பசையோ இருக்கும். ரோலக்ஸ் சப்மரீனரின் பழைய அலுமினிய இன்சர்ட்டுகளில் பசையே கிடையாது. இறுக்கத்திலேயே நிற்கும்படி அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். ரஷ்யாவின் வோஸ்டாக் ஆம்ஃபீபியாவின் வழக்கமான பெசல்களில் குறிகள் உலோகத்தின் மேலேயே வண்ணத்தில் இருக்கும், அங்கே இன்சர்ட் என்று தனியாக ஒன்று இல்லை. அந்த மாதிரி வாட்ச்சுக்குப் பெசலையே மாற்றுவதுதான் வழி.

அளவு

மூன்று எண்கள் வேண்டும்: வெளி விட்டம், உள் விட்டம், தடிமன். எஸ்கேஎக்ஸ்007-க்கான இன்சர்ட்டுகள் பொதுவாக 38 மி.மீ. வெளி விட்டமும் 31.5 மி.மீ. உள் விட்டமும் கொண்டு விற்கப்படுகின்றன. உங்கள் வாட்ச் எதுவானாலும் விற்பவர் "பொருந்தும்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், வெர்னியர் காலிபரால் ஒருமுறை அளந்துவிடுங்கள். பழைய இன்சர்ட்டை எடுத்த பிறகு பெசலில் உள்ள பள்ளத்தை அளப்பதே நம்பகமானது. அவசரம் இல்லை என்றால் முதலில் கழற்றி, அளந்து, அப்புறம் வாங்குங்கள். நடுவில் சில நாள் இன்சர்ட் இல்லாமல் வாட்ச் கட்டினால் ஒன்றும் ஆகாது.

தடிமனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இன்சர்ட் பெசலின் ஓரத்தைவிட உயரமாக நின்றால் எதில் இடித்தாலும் அடி முதலில் அதன் மேல்தான் விழும். அலுமினியமாக இருந்தால் நசுங்கும், செராமிக்காக இருந்தால் ஓரம் உதிரும். ஒட்டும் டேப்பின் தடிமனையும் இதில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடுத்து சரிவு. சில இன்சர்ட்டுகள் தட்டையானவை, சில உள்நோக்கிச் சரிந்தவை. உயரமான குவிந்த கண்ணாடிக்குச் சரிவுள்ளது அழகாக இருக்கும், தாழ்ந்த தட்டைக் கண்ணாடிக்குத் தட்டையானதே பொருத்தம். ஆனால் தட்டைக்கு வெட்டிய பெசலில் சரிவுள்ளதை வைத்தால் உள்விளிம்பில் இடைவெளி விழுந்து அழுக்குச் சேரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது: வாட்ச்சில் வைத்தபடியா, பெசலை எடுத்துவிட்டா?

பலரும் முதலில் யோசிப்பது, பெசலை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு இன்சர்ட்டை மட்டும் நெம்பி எடுப்பது. முடி உலர்த்தியால் ஓரிரு நிமிடம் சூடு காட்டினால் டேப்பின் பசை இளகும். மெல்லிய பிளேடின் நுனியை உள்விளிம்பில் கொடுத்துத் தூக்க வேண்டும். பெசலைக் கழற்றும் சிரமமும், கேஸில் கீறல் விழும் பயமும் இதில் இல்லை. ஆனால் பழைய அலுமினிய இன்சர்ட் முழுசாக வராது. ஒரு பக்கம் தூக்கினதும் வளைந்துவிடும், ஒருமுறை வளைந்தது மறுபடி தட்டையாகாது. பழையது செராமிக்காக இருந்தால் உடைந்தே வரும், சில்லுகள் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அதில் கை வைக்கக் கூடாது. பழையது வேண்டாம், தூக்கிப்போடத்தான் போகிறேன் என்றால் மட்டும் இந்த வழி.

பெசலையே கழற்றிவிட்டால் நிலைமை வேறு. பல பெசல்களில் அடியிலிருந்து கட்டைவிரலாலோ மரக்குச்சியாலோ சுற்றிச் சுற்றி மெதுவாக அழுத்தினால் இன்சர்ட் நெளியாமல் மேலே வரும். தனியாக இருக்கும் பெசலை வெந்நீரில் போட்டு எடுத்தால் பசை இன்னும் சுலபமாக விடும். வாட்ச்சோடு அதைச் செய்யவே கூடாது. சூட்டில் கேஸ்கெட்டுகள் தளரும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அதெல்லாம் நீர் புகாத தன்மையோடு விளையாடுவது. பெசல் கையில் இருந்தால் பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து முழுவதும் துடைத்தெடுக்கலாம், கேஸுக்கும் பெசலுக்கும் நடுவில் வருடக்கணக்காகச் சேர்ந்த உப்பையும் அழுக்கையும் சுத்தம் செய்யலாம். பெசல் சரியாகத் திரும்பவில்லை என்று குறைப்படுகிற வாட்ச்களில் பாதிக்கு மேல் கோளாறு அந்த அழுக்கில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே என் ஓட்டு பெசலைக் கழற்றுவதற்கே. மூன்று விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கத்தி நுழைக்கும் இடத்தில் கேஸிலும், பட்டை மாட்டும் நீட்சிகளான லக்குகளிலும் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டிவிட வேண்டும். ஒரே இடத்தில் பலமாக நெம்பாமல், கொஞ்சம் தூக்கி, நகர்த்தி, மறுபடி கொஞ்சம் தூக்கி என்று சுற்றி வர வேண்டும். பெசல் மேலே வரும்போது அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'கிளிக்' சத்தம் கொடுக்கும் பாகம் சிலவற்றில் தட்டையான ஸ்பிரிங்காகவும், சிலவற்றில் ஊசிமுனை அளவுப் பந்தும் ஸ்பிரிங்குமாகவும் இருக்கும். பந்து உருண்டு போனால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. விளிம்பு உயர்ந்த தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். நேரம் திருத்தும் பக்கவாட்டுக் குமிழான கிரவுன் முழுவதும் திருகி மூடியிருக்கட்டும்.

அசிட்டோன் பற்றி ஒரு வார்த்தை. நகப்பூச்சு நீக்கியைக் கொண்டு பசையைத் துடைக்கத் தோன்றும். தனியாகக் கழற்றி வைத்த, வண்ணமில்லாத எஃகு பெசலுக்குச் சரி. வாட்ச் மேல் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் கண்ணாடியை மங்கவைக்கும், கேஸ்கெட்டையும் வண்ணத்தையும் கெடுக்கும்.

எந்தப் பொருள்?

அலுமினியம்தான் பழைய முறை. உலோகத்தின் மேல்பரப்பை மின்வேதி முறையில் ஆக்சைடாக்கி, அதன் நுண்துளைகளில் சாயத்தை ஏற்றி மூடிவிடுவார்கள். சாயம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். கறுப்பு சாம்பலாகும், நீலம் வானத்து நிறத்துக்கு வரும். சேகரிப்பாளர்கள் இப்படி வெளுத்த இன்சர்ட்டுகளை 'கோஸ்ட்' என்று சொல்லிக் கொண்டாடுகிறார்கள். கீறல் எளிதில் விழும் என்பது உண்மை. ஆனால் அது உடையாது. பாறையில் இடித்தால் நசுங்கும், குறிகள் அப்படியே இருக்கும், நேரத்தைப் படிக்கலாம். மெல்லியது, லேசாக வளைந்து கொடுக்கும், அளவில் அரைக்கால் மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். முதல்முறை செய்பவருக்கு இவ்வளவு பொறுத்துப்போகிற பொருள் வேறில்லை.

செராமிக் என்று விற்பது பெரும்பாலும் சிர்கோனியா. ரோலக்ஸ் 2005-இல் ஜிஎம்டி மாஸ்டர் 2-இல் இதைக் கொண்டுவந்தது, எஃகு சப்மரீனருக்கு 2010-இல் வந்தது. அதற்குப் பிறகு செராமிக் இல்லாத டைவ் வாட்ச் பழையது என்கிற எண்ணமே பரவிவிட்டது. அதன் குணங்கள் பொய்யில்லை. எஃகால் அதைக் கீற முடியாது, வெயிலில் நிறம் போகாது, பத்து வருடம் கழித்தும் அன்று வாங்கியதுபோல் பளபளக்கும். ஆனால் கடினமான பொருளுக்கு வளையத் தெரியாது. சரியான கோணத்தில் ஓர் அடி விழுந்தால் இரண்டாக விரிசல் விடும்.

இன்னொரு சிக்கல் அதன் தயாரிப்பிலேயே இருக்கிறது. பொடியை அச்சில் அழுத்தி, 1,400 டிகிரிக்கு மேல் சூளையில் சுடும்போது அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது. சுருக்கத்தைச் சரியாகக் கணித்து, சுட்ட பிறகு வைரத்தூளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருபவர்களின் இன்சர்ட் கச்சிதமாக உட்காரும். அந்த அக்கறை இல்லாத இடத்திலிருந்து வருவது கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். பெரிதாக இருந்தால் அழுத்தி உட்கார வைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அழுத்தும் கையிலேயே உடையும். பெசல் பள்ளத்தில் கையால் வைத்தால் தானே விழுந்து, சுற்றிலும் முடியளவு இடைவெளி இருக்க வேண்டும். குறிகளையும் பாருங்கள். பள்ளமாகச் செதுக்கி வண்ணமோ ஒளிரும் பொருளோ நிரப்பியது நீடிக்கும், மேலே அச்சடித்தது சீக்கிரம் தேயும்.

சஃபையர் இன்சர்ட் கண்ணாடிபோல் தெளிவானது; அதில் குறிகள் அடிப்பக்கம் இருப்பதால் தேயவே தேயாது, இருட்டில் முழு வளையமும் ஒளிரும்படிகூடச் செய்கிறார்கள். அழகு, சந்தேகமில்லை. ஆனால் அச்சு அடியில் இருப்பதால் கரைப்பான் கலந்த பசை அதன் மேல் படக்கூடாது. எஃகு இன்சர்ட் உடையாது, வெளுக்காது, கீறல் விழும், கீறலோடும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வெயிலில் மினுங்கும்போது எண்கள் சட்டென்று கண்ணில் படாது.

நீருக்குள் இறங்குபவர் என்றால் அலுமினியத்தையே சொல்வேன். சட்டைக் கைக்குள் கட்டுபவர், வெளுப்பதை விரும்பாதவர் என்றால் நல்ல இடத்தில் செய்த செராமிக். இரண்டாவது, மூன்றாவது முறை மாற்றுபவர் சஃபையரை முயன்று பார்க்கலாம்.

எதால் ஒட்டுவது?

இன்சர்ட் அளவுக்கே வளையமாக வெட்டிய இருபக்க டேப் கிடைக்கிறது. பெசல் பள்ளத்தில் டேப்பை ஒட்டி, மேல்தாளை உரித்து, இன்சர்ட்டை வைத்து அழுத்தினால் முடிந்தது. எங்கும் வழியாது, ஒரே தடிமனாக இருக்கும், மறுபடி எடுக்க வேண்டுமானால் சூடு காட்டினால் போதும். குறை ஒன்றுதான்: வைத்த கணத்தில் பிடித்துக்கொள்ளும். கோணலாக வைத்துவிட்டால் நகர்த்த முடியாது, எடுத்துப் புது டேப் போட வேண்டும். அதனால் இரண்டு டேப் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அப்புறம், பரப்பில் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்கக் கூடாது. ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்த பிறகு விரல் படாமல் ஒட்டுங்கள்.

நகை வேலைக்கும் வாட்ச் கண்ணாடிக்கும் பயன்படுகிற, ஊசிமுனைக் குழாயில் வரும் ஜி-எஸ் ஹைப்போ சிமென்ட் டேப்புக்கு அடுத்தபடி நல்லது. சில நிமிடம் நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். டேப்புக்கு இடமில்லாத அளவு தடிமனான இன்சர்ட்டுக்கு இதுதான் பொருத்தம். சின்னச் சின்னப் புள்ளிகளாக ஏழெட்டு இடத்தில் வைத்தால் போதும். பள்ளம் முழுவதும் கோடு இழுத்தால் அழுத்தும்போது பிதுங்கி வெளியே வரும்.

சூப்பர் கிளூவை மட்டும் எடுக்காதீர்கள். நீர்போல ஓடும், பெசலுக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு துளி இறங்கினால் பெசல் அப்படியே உறைந்து நிற்கும். காயும்போது வெளியேறும் ஆவி பக்கத்துக் கண்ணாடியிலும் இன்சர்ட்டிலும் வெள்ளைப் புகைபோல் படியும். காய்ந்தபின் நொறுங்கும் தன்மை உள்ளதால் அடி விழுந்தால் விட்டுவிடவும் செய்யும். எபாக்ஸி நேர் எதிர், பிடித்தால் விடாது. அடுத்த முறை இன்சர்ட்டை எடுக்க அதை உடைக்கத்தான் வேண்டும், பெசல் பள்ளத்தைச் சுரண்ட வேண்டும். என் அளவுகோலில் இரண்டுமே தோற்கின்றன. புற ஊதா ஒளியில் இறுகும் பசையைச் சிலர் யோசிக்கிறார்கள். அலுமினியத்துக்கும் செராமிக்குக்கும் அடியில் ஒளியே போகாது, பிறகு எப்படி இறுகும்?

நேராக வைப்பது

ஐஎஸ்ஓ 6425 டைவ் வாட்ச்சுக்கான சர்வதேசத் தரம். குறைந்தது ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறி இருக்க வேண்டும், இருட்டில் 25 செ.மீ. தூரத்தில் படிக்க முடிய வேண்டும் என்கிறது. பெசல் ஒரே பக்கம் திரும்புவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தெரியாமல் இடித்து நகர்ந்தாலும், மூழ்கிய நேரம் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும், குறைவாகக் காட்டக் கூடாது. இவ்வளவு யோசித்துச் செய்த கருவியில் இன்சர்ட்டைக் கோணலாக ஒட்டிவிட்டால் பூஜ்ஜியமே பொய் சொல்லும்.

120 கிளிக் பெசலில் ஒரு கிளிக் 3 டிகிரி, அதாவது அரை நிமிடம். 38 மி.மீ. வளையத்தின் ஓரத்தில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய 2 மி.மீ. ஒரு டிகிரி தவறினால் மூன்றில் ஒரு மி.மீ. விலகும், அந்த விலகலும் கண்ணை உறுத்தும். ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை இது: பெசலைக் கழற்றிப் பழையதை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கேஸ்கெட்டில் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி, வெறும் பெசலை முதலில் கேஸில் அழுத்திப் பொருத்துங்கள். பிறகு பெசலைத் திருப்பி ஒரு கிளிக்கில் நிறுத்தி, அது ஆடும் கொஞ்ச ஆட்டத்தின் நடுவில் விட்டு, டயலின் பன்னிரண்டாம் குறிக்கு நேராகப் பார்த்து இன்சர்ட்டை வையுங்கள். பெசல் கையில் இருக்கும்போதே ஒட்டிவிட்டால், கிளிக் நிற்கும் இடமும் பூஜ்ஜியமும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாய்வாகப் பார்த்தால் கண் ஏமாற்றும் என்பதால் நேர் மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பன்னிரண்டை மட்டும் பார்க்காமல் ஆறாம் குறியையும் சேர்த்துப் பாருங்கள்.

பெசலையே மாற்றிவிட்டால்?

இன்சர்ட் ஏற்கெனவே ஒட்டிய முழுப் பெசல்கள் பிரபலமான மாடல்களுக்குக் கிடைக்கின்றன. பசை வேலை இல்லை, பழைய பெசல் அப்படியே பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். அந்த வகையில் எல்லாவற்றையும்விட எளிதாகப் பிரிக்கக் கூடியது இதுதான். சிக்கல் என்னவென்றால் பெசலின் அடியில் கிளிக் கொடுக்கும் பற்களின் அளவும் கேஸ்கெட் பள்ளமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கிளிக் மழுங்கியோ, திருப்பவே முடியாதபடி இறுகியோ இருக்கும். இன்சர்ட் கோணல் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பெசலின் அந்தப் பற்களே தேய்ந்து வழுக்குகிற வாட்ச்சுக்கு இது சரியான தேர்வு, இன்சர்ட் மட்டும் கெட்டிருந்தால் தேவையில்லை.

எப்போது கைவைக்கக் கூடாது?

வாரண்டி இருக்கும் வாட்ச், திருகிப் பிடித்த பெசல் உள்ள வாட்ச், விலையுயர்ந்த செராமிக் பெசல் இவற்றையெல்லாம் கைதேர்ந்த வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். உண்மையிலேயே ஆழத்துக்கு எடுத்துச் செல்லும் வாட்ச் என்றால், வேலையை நீங்களே செய்தாலும் பிறகு அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் கண்ணாடிக்குத் தனி கேஸ்கெட் இருப்பதால் இன்சர்ட்டால் நீர் புகாது. இருந்தாலும், நெம்பும்போது கண்ணாடி அசையவில்லை என்பதைச் சோதனை செய்தால்தான் உறுதியாகத் தெரியும்.

பழைய வாட்ச் தனி விஷயம். அதன் அசல் இன்சர்ட் எவ்வளவு வெளுத்திருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள். விற்கும் நாளில் அதன் மதிப்பு வேறாக இருக்கும். அதைவிட முக்கியமானது, 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வந்த வாட்ச்களில் ஒளிரும் பொருளாக ரேடியம் இருக்கலாம். பழுப்பேறி நொறுங்கும் அந்தப் புள்ளியைச் சுரண்டவோ, ஊதவோ, தேய்க்கவோ கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் எலும்பில் தங்கும். ஒளி அணைந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அணைந்தது அதோடு கலந்த ஒளிரும் வேதிப்பொருள்தான். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் 1,600 வருடம். அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டு மேசையில் பிரிக்காமல், அதைக் கையாளத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.